சுவருக்கு இந்தப் பக்கம் தோழர், அந்தப் பக்கம் திருடன்

ஜெயிலுக்குள் உட்கார்ந்துகொண்டே ஒருவன் செல்போனில் கொக்கெயின் வியாபாரம் நடத்துகிறான் என்று செய்தி வந்தால் நம்முடைய பொதுப்புத்தி இரண்டே கேள்விதான் கேட்கும். போன் எப்படி உள்ளே போச்சு? எந்த வார்டர் காசு வாங்கினான்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் செய்தி முடிந்தது. நாலு வார்டர்களை சஸ்பெண்ட் செய்வார்கள், ஜாமர் வைப்பார்கள், அடுத்த மாசம் அதே செய்தி திரும்ப வரும். அந்தக் கூட்டம் முதலில் எங்கே உருவானது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிரேசிலைப் பொறுத்தவரை பதில் வெட்டவெளிச்சம். அந்த நாட்டின் இரண்டு பெரிய போதைக் கும்பல்களுமே சிறைக்குள் பிறந்தவை. ரியோ டி ஜெனிரோவின் 'கொமாண்டோ வெர்மெல்யோ', அதாவது சிவப்புக் கட்டளைப் படை, எழுபதுகளில் இல்யா கிராண்டே தீவுச் சிறையில் உருவானது. சாவோ பாலோவின் பி.சி.சி., அதாவது தலைநகரின் முதல் கட்டளைப் படை, 1993 ஆகஸ்டில் தௌபாத்தே சிறையில் உருவானது. அரசாங்கம் கட்டிய கட்டடத்தில், அரசாங்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால் முளைத்தவை பிற்பாடு வெளியே வந்து ஊரைப் பிடித்தன.

இவற்றைப் பற்றி சினிமா, கைதியின் தன்வரலாறு, ராப் பாட்டு, டாக்டரின் நினைவுக் குறிப்பு, பத்திரிகைப் பத்தி என்று ஏராளமான பிரதிகள் வந்திருக்கின்றன. போர்த்துகீசு எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்ததை வைத்துப் பேசுகிறேன். இவன் அரசியல் கைதி, இவன் வெறும் கைதி என்று இந்தப் பிரதிகளில் கோடு போடுவது யார்? அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நின்றுகொண்டு கதை சொல்கிறார்கள்? நான் பார்க்க நினைப்பது இதைத்தான்.

முதலில் ஒரு படம். லூசியா முராத் இயக்கி 2004இல் வந்த 'குவாஸே தோயிஸ் இர்மாவோஸ்'. கிட்டத்தட்ட அண்ணன் தம்பி என்று தமிழில் சொல்லலாம். முராத் ராணுவ ஆட்சிக் காலத்தில் (1964-1985) ஆயுதப் போராட்ட இயக்கத்தில் இருந்து, 1971இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, சிறையிருந்தவர். திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் பௌலோ லின்ஸ். 'கடவுளின் நகரம்' நாவலை (1997) எழுதியவர், கறுப்பர், அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் உட்கார்ந்து எழுதிய படம் அபூர்வம்.

படத்தில் இரண்டு பேர். மிகெல் வெள்ளை நடுத்தர வர்க்கம், அப்பா பத்திரிகைக்காரர், சம்பா இசைப் பிரியர். ஜோர்ஜின்யோ கறுப்பு, அப்பா ஃபவேலாவில் சம்பாப் பாட்டுக் கட்டுபவர். அப்பாக்கள் இசையால் சிநேகம். பிள்ளைகள் எழுபதுகளில் இல்யா கிராண்டே சிறையில் சந்திக்கிறார்கள். அங்கே எப்படி இரண்டு பேரும் ஒரே கொட்டடிக்கு வந்தார்கள் என்பது முக்கியம். 1969இல் ராணுவ ஆட்சி ஒரு சட்டம் போட்டது. வங்கிக் கொள்ளையும் தேசப் பாதுகாப்புக்கு எதிரான குற்றம் என்றது. கெரில்லாக்கள் இயக்கத்துக்குப் பணம் திரட்ட வங்கியில் புகுந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் வயிற்றுக்காகவும் ஆசைக்காகவும் வங்கியில் புகுந்த ஃபவேலாப் பையன்களும் அதே சட்டத்தில் மாட்டினார்கள், அதே தீவுக்குப் போனார்கள். (ஃபவேலாவைச் சேரி என்று மொழிபெயர்த்துவிட எனக்குக் கை வரவில்லை. சேரிக்குப் பின்னால் இருப்பது சாதி, ஃபவேலாவுக்குப் பின்னால் இருப்பது 1888 வரை ஒழியாத அடிமைமுறை. உறவு உண்டு. இரண்டும் ஒன்றல்ல.)

சிறையில் அரசியல் கைதிகள் கம்யூன் நடத்துகிறார்கள். வெளியிலிருந்து வருகிற சாப்பாட்டைப் பொதுவில் வைக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், ஓட்டெடுக்கிறார்கள், ஒழுங்கு விதிக்கிறார்கள். சாதாரணக் கைதிகள் வர வர விதி உடைகிறது. திருட்டு, சண்டை, வேறு பழக்கங்கள். என்ன செய்வது? தோழர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள்: அவர்களைப் பிரித்துவிட வேண்டும். சுவர் வருகிறது. சுவரை வார்டர் கேட்கவில்லை, ராணுவம் கேட்கவில்லை. புரட்சி செய்ய வந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். ஜோர்ஜின்யோ அந்தப் பக்கம் போகிறான். அங்கே தோழர்களிடம் கற்ற ஒழுங்கை ரத்தத்தால் நிலைநாட்டுகிறான். பல வருஷம் கழித்து, 2004இல், மிகெல் செனட்டர். ஃபவேலாவில் ஒரு சமூக நலத் திட்டம் நடத்த அனுமதி கேட்டு அவன் போய் நிற்கும் இடம் பாங்கு சிறை. அங்கிருந்து செல்போனில் ஒரு மலை முழுவதின் போதை வியாபாரத்தையும் நடத்திக்கொண்டிருப்பவன் ஜோர்ஜின்யோ.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது பாதிப்பேர் செல்போன் காட்சியைப் பற்றியே பேசினார்கள். சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சி மட்டும், "அண்ணே, அந்த ஓட்டெடுப்புல கறுப்பன் எத்தனை பேர் இருந்தான்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். படத்தின் மையம் அந்தக் கேள்விதான். சுவர் எழுப்பியவர்களுக்குத் தரப்பில் நியாயம் இருந்தது. நாங்கள் திருடர்கள் அல்ல, எங்களை அரசியல் கைதிகளாக அங்கீகரி என்று சர்வாதிகார ஆட்சியிடம் கேட்பது அவர்களுடைய போராட்டத்தின் பகுதி. நிஜ வரலாற்றிலும் இல்யா கிராண்டேயில் அரசியல் கைதிகள் தனிப் பகுதி கேட்டுப் போராடினார்கள். ஆனால் 'நான் திருடன் இல்லை' என்ற வாக்கியம் பக்கத்தில் நிற்பவனைத் திருடன் என்று சொல்லாமல் முழுமை பெறுவதில்லை. முராத் இதைத் தன் தரப்பைக் காப்பாற்றாமல் காட்டியிருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன். இருந்தாலும் படத்தின் கண் மிகெலின் கண்தான். குற்ற உணர்வும் அவனுடையதே. ஜோர்ஜின்யோ சுவருக்கு அந்தப் பக்கம் என்ன யோசித்தான் என்பதைவிட, அவன் என்னவாக மாறினான் என்பதே நமக்குக் கிடைக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புத்தகம் இருக்கிறது. வில்லியம் ட சில்வா லிமா 1991இல் வெளியிட்ட 'நானூறு பேருக்கு எதிராக ஒருவன்'. லிமா வங்கிக் கொள்ளைக்காரர், வாழ்க்கையின் பெரும்பகுதியை உள்ளேயே கழித்தவர், 2019இல் இறந்தார். 1981இல் நூற்றுக்கணக்கான போலீஸ் சுற்றி வளைக்க, ஒரு கூட்டாளி மணிக்கணக்காகத் தனியாக நின்று சுட்டுச் செத்த சம்பவம்தான் தலைப்பு. 'சிவப்புக் கட்டளைப் படை' என்ற பெயரே அதிகாரிகளும் பத்திரிகைகளும் ஒட்டியது என்கிறார். உள்ளே இருந்தவர்களுக்குச் சில விதிகள்தான் இருந்தன. கைதியைக் கைதி கொள்ளையடிக்கக் கூடாது. பாலியல் வன்முறை கூடாது. ஒரு பொது நிதி. அடி உதைக்கு எதிராக ஒற்றுமை.

பிரேசிலில் இன்றும் சுற்றிவரும் கதையாடல் ஒன்று உண்டு: இடதுசாரிகள்தான் திருடர்களுக்கு அமைப்பு கட்டச் சொல்லித்தந்தார்கள், அதனால்தான் போதைக் கும்பல் உருவானது. வலதுசாரிக்கு இந்தக் கதை பிடிக்கும், இடதுசாரிகளைத் திட்டலாம். இடதுசாரிகளில் சிலருக்கும் உள்ளூரப் பிடிக்கும், ஆசிரியர் பதவி கிடைக்கிறதே. லிமா இதை மறுக்கிறார். நாங்கள் பட்ட அடிதான் எங்களைச் சேர்த்தது என்பது அவர் தரப்பு. எனக்கு இந்த இடத்தில் நம்ம கதை ஞாபகம் வருகிறது. படித்தவன் ஒருவன் வெளியிலிருந்து வந்து தூண்டிவிடாமல் இவனுகளுக்கு ஏது சங்கம், ஏது கூலி உயர்வுப் போராட்டம் என்று நம்மைப் பற்றி எத்தனை பண்ணையார்கள், எத்தனை அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்!

ஆனாலும் லிமாவின் பிரதியையும் அப்படியே விழுங்க முடியாது. அதில் கொள்ளைக்காரனின் பெருமிதம் நிறைய, போதை வியாபாரம் கொஞ்சம். எண்பதுகளில் கொக்கெயின் ரியோ வழியாகப் பெருக ஆரம்பித்ததும் பொது நிதி முதலீடானது. ஒற்றுமைக்காக எழுதாமல் எழுதிய விதிகள் கடை விதிகளாக மாறின. 1979இல் பொதுமன்னிப்பு வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பேராசிரியர் ஆனவர்கள் உண்டு, எம்.பி. ஆனவர்கள் உண்டு. அதே ராணுவ ஆட்சியில் சாவோ பாலோவில் சிறையிருந்த தில்மா ரூசெஃப் பின்னாளில் நாட்டின் அதிபராகவே ஆனார். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மன்னிப்பு இல்லை. ஒரே சட்டத்தில் உள்ளே போனவர்களில் ஒருவனுக்குப் பாராளுமன்றம், ஒருவனுக்குப் பாங்கு ஜெயில். செல்போனுக்கு முன்னால் நடந்தது இது.

ரியோவிலிருந்து சாவோ பாலோவுக்கு வருவோம். அங்கே பிறப்பு இன்னும் கொடூரம். 1992 அக்டோபர் 2. கரந்திரு சிறை, 9ஆம் கட்டடம். ஏழாயிரத்துக்கும் மேல் ஆள் அடைத்து வைத்திருந்த சிறை அது. 9ஆம் கட்டடத்தில் பெரும்பாலும் முதல் தடவை உள்ளே வந்த பையன்கள், விசாரணைக் கைதிகள். கைதிகளுக்குள் தொடங்கிய ஒரு சண்டையை அடக்க ராணுவப் போலீஸ் நுழைந்தது. 111 கைதிகள் செத்தார்கள். போலீஸ் தரப்பில் ஒரு சாவுகூட இல்லை. மறுநாள் நகராட்சித் தேர்தல். ஓட்டுப் பதிவு முடியும் தறுவாய்வரை உண்மையான எண்ணிக்கையை வெளியே விடவில்லை. தலைமை தாங்கிய கர்னலுக்கு 2001இல் 632 வருஷத் தண்டனை, 2006இல் விடுதலை. பிற்பாடு தண்டிக்கப்பட்ட 74 போலீஸ்காரர்களின் தீர்ப்பு 2016இல் ரத்து, பிறகு இழுபறி, 2022 டிசம்பரில் அதிபர் பொல்சொனாரோவின் மன்னிப்பு. மன்னிப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு பார்த்தாலே போதும்.

இந்தப் படுகொலையைச் சொல்லும் பிரதிகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டாக்டர் டிராவுசியோ வரெல்லாவின் புத்தகம் (1999), அதிலிருந்து ஹெக்டர் பாபென்கோ எடுத்த 'கரந்திரு' படம் (2003). வரெல்லா எய்ட்ஸ் தடுப்பு வேலைக்காக 1989இல் அந்தச் சிறைக்குள் போனவர், பல வருஷம் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். படுகொலை அத்தியாயத்தைக் கைதிகள் சொன்னதை மட்டும் கேட்டு எழுதினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். நல்ல மனுஷன். படத்திலும் கைதிகளே நடத்தும் பஞ்சாயத்து வருகிறது, தப்பிப் பிழைத்தவர்கள் கேமராவைப் பார்த்துச் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் டாக்டரின் காது ஒவ்வொரு கைதியையும் ஒரு கேஸாகவே கேட்கும். ஒவ்வொருவனுக்கும் ஒரு காதல், ஒரு குற்றம், ஒரு வேடிக்கை. சேர்ந்து நிற்கும்போது இவர்கள் யார், ஏன் இதில் இவ்வளவு பேர் கறுப்பு, ஏன் இவ்வளவு பேர் ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து என்ற கேள்வி அந்தக் காதில் விழுவதில்லை. பார்வையாளன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொன்று பாட்டு. 'ரசியோனைஸ் எம்சிஸ்' என்ற கறுப்பு ராப் குழு 1997இல் வெளியிட்ட 'ஒரு கைதியின் நாட்குறிப்பு'. கரந்திருவுக்குள் இருந்த ஜோசெனிர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததிலிருந்து அவரும் குழுவின் மானோ பிரவுனும் சேர்ந்து கட்டியது. படுகொலைக்கு முந்தின நாளில் தொடங்குகிறது. எதுவும் நடக்காத நாள். சிறையில் நேரம் எப்படி நகராமல் கிடக்கும் என்பதே பாதிப் பாட்டு. பரிதாபம் கேட்பதில்லை, கேட்பவனை உள்ளே இழுத்துப் பூட்டிவிடுகிறது. அந்த ஆல்பத்தைப் பிற்பாடு காம்பினாஸ் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வுக்குப் பாடமாக வைத்தது. நம்ம கானா எந்தப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வரும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. டாக்டரின் படத்தை நான் ஒரு தடவை பார்த்தேன். பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை, மொழி தெரியாமலே.

படுகொலை நடந்து பதினோரு மாசத்தில் தௌபாத்தேயில் பி.சி.சி. பிறக்கிறது. அதன் சாசனத்திலேயே அந்த 111 பேர் இருக்கிறார்கள். அப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்பது அமைப்பின் காரணங்களில் ஒன்று. சினிமா படுகொலையோடும் சிறைக் கட்டடத்தை இடித்ததோடும் முடிகிறது. பத்திரிகைச் செய்தி செல்போனோடு தொடங்குகிறது. நடுவில் கிடக்கும் பதினோரு மாசத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை. சிறை குற்றத்தை ஒழிப்பதில்லை, குற்றவாளி என்ற ஒரு வகையினத்தை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் அவரை மேற்கோள் காட்டாத ஆள் கிடையாது. இங்கே அந்த உற்பத்திக்குத் தேதியும் இடமும்கூட இருக்கிறது.

அந்தச் செல்போன் எப்படி வேலை செய்தது என்றும் பார்த்துவிடுவோம். ஆரம்பத்தில் வெளியே சில வீடுகளில் தொலைபேசி இணைப்பகம் வைத்தார்கள். பெரும்பாலும் கைதிகளின் மனைவிமார், தோழிமார் உட்கார்ந்து ஒரு சிறையை இன்னொரு சிறையோடு, பல சிறைகளை ஒரே பேச்சில் இணைத்தார்கள். 2001 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மனு நாள். உள்ளே ஆயிரக்கணக்கில் குடும்பத்தார். ஒரே நேரத்தில் 29 சிறைகளில் கலகம். உறுப்பினர் மாதச் சந்தாவுக்குப் பெயர் 'வெங்காயம்'. (பெரியார் சொன்ன வெங்காயம் அல்ல.) போலிவியா, பெரு, கொலம்பியாவில் விளைவது பராகுவே எல்லை வழியாக உள்ளே வந்து சாந்தோஸ் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பா போகிறது. அந்தச் சங்கிலியில் ஜெயில் கொட்டடி ஒரு அலுவலகம். அதே அமைப்பு தன் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறைகளில் கிராக் புகைக்கத் தடை போட்டது. ஊருக்கெல்லாம் விற்பவன் தன் வீட்டில் வேண்டாம் என்கிறான். இந்த முரண்பாட்டை எந்தச் சினிமாவும் சரியாகத் தொடவில்லை.

2006 மே மாசம் அன்னையர் தினத்துக்கு முன்னால் 765 கைதிகளைத் தூரத்துச் சிறைக்கு மாற்றினார்கள். பி.சி.சி. எழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட சிறைகளில் கலகம், தெருவில் போலீஸ் மீது தாக்குதல். பாராளுமன்றக் குழு ரகசியமாகக் கேட்ட சாட்சியத்தின் ஒலிப்பதிவை 200 ரெயாய்ஸுக்கு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி விற்க, அது போன் வழியாகச் சிறைகளுக்கே போய்ச் சேர்ந்த கதையும் அப்போது வெளிவந்தது.

அந்த மாசம்தான் ஒரு பிரதி பிறந்தது. சிறைத் தலைவன் மார்கோலாவின் நேர்காணல். கும்பல் தலைவன் அதில் தத்துவம் பேசுகிறான், இலக்கியம் பேசுகிறான், நீங்கள் செத்த உலகம், நாங்கள் புது உலகம் என்கிற தொனியில் மேட்டுக்குடியை மிரட்டுகிறான். எழுதியது யார்? அர்னால்டோ ஜாபோர், சினிமா இயக்குநர், 'ஓ குளோபோ' பத்தியாளர். கற்பனை என்று தெரிந்தே தன் பத்தியில் எழுதினார். ஜனங்கள் நிஜமென்று நம்பினார்கள். ஸ்பானிய மொழிக்கும் போய் நாடு நாடாகச் சுற்றியது. ஜாபோர் கேலிக்காக எழுதினாரா, எச்சரிக்கையாக எழுதினாரா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அந்தக் குரல் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது என்பதுதான் விஷயம். மேட்டுக்குடிக்குத் தேவையான ராட்சசன் அவன். அவர்களைப் போலவே படித்தவன், அவர்களுடைய மொழியில் அவர்களைப் பயமுறுத்துபவன். 'விளிம்புநிலையாளர் பேச முடியுமா' என்று ஸ்பிவாக் கேட்டதைச் சுற்றி நாம் எவ்வளவு காகிதம் செலவழித்திருக்கிறோம்! இங்கே பேசவைத்தே வாயடைத்துவிட்டார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில் பி.சி.சி. நிஜமாகவே பேசியது. ஒரு தொலைக்காட்சி நிருபரையும் தொழில்நுட்பப் பணியாளரையும் கடத்தி, தன் அறிக்கையை ஒளிபரப்ப வைத்தது. முகமூடி போட்டவன் வாசித்தான். அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. தனிமைச் சிறை முறை சட்டத்துக்கு விரோதம், கூட்டம் தாங்காத கொட்டடி, தண்டனை முடிந்தும் விடாதது — வக்கீல் மனுவின் மொழி. அலுப்பான மொழி. ஆள் கடத்திப் பெற்ற மேடை அது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பொய் நேர்காணல் உலகமெல்லாம் சுற்றுகிறது, நிஜ அறிக்கை யாருக்கும் ஞாபகமில்லை. கரீனா பியோண்டி என்ற ஆய்வாளர், கணவர் சிறையிலிருக்க, மற்ற பெண்களோடு மனு வரிசையில் நின்று, சோதனைக்கு உடம்பைக் காட்டி, உள்ளே போய்வந்து ஒரு மானிடவியல் நூல் எழுதினார் (2010). 'அமைதி, நீதி, விடுதலை' என்ற பழைய முழக்கத்தோடு பி.சி.சி. 'சமத்துவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதையும், ஒரு 'சகோதரன்' இன்னொருவனுக்கு உத்தரவு போட முடியாது என்ற பேச்சு அங்கே எப்படி நடக்கிறது என்பதையும் அவர் எழுதுகிறார். ஜாபோரின் ராட்சசனைவிட இது எனக்கு அதிகம் பயமூட்டுகிறது. நம்முடைய சொல் அது.

இங்கே நம் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. விளிம்புநிலைக் கலகம், எதிர் அதிகாரம் என்று இந்தக் கும்பல்களுக்குக் கும்பிடு போடும் எழுத்து ஒன்று இருக்கிறது. ரவுடியைக் கொண்டாடும் நம்முடைய ஒரு பழைய பழக்கம்தான் அது. 2017 ஜனவரி 1, மனாவுஸ் நகரத்துச் சிறை, தனியார் நடத்தியது. எதிர்க் கும்பல் 56 பேரைக் கொன்றது, தலைகளைத் துண்டித்தது. அந்த மாசத்துக்குள் வேறு சிறைகளில் பழிக்குப் பழி, நூறுக்கும் மேல் பிணம். எல்லைக் கடத்தல் பாதை யாருக்கு என்ற போட்டி அது. அதில் செத்தவனும் கொன்றவனும் ஒரே நிறம், ஒரே வயசு, ஒரே மாதிரித் தெரு. பெண் கைதிகளில் பாதிக்கும் மேல் போதை வழக்கில் உள்ளே இருப்பவர்கள். பலர் சின்னப் பொட்டலம் கொண்டுபோனவர்கள். லாபம் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. சமத்துவம் என்று முழக்கத்தில் எழுதிக்கொண்டவன் யாரை முன்னால் அனுப்பிச் சாகவிடுகிறான் என்று பார்க்காத விமர்சனம் என்ன விமர்சனம்?

அதே மூச்சில் அரசையும் சொல்ல வேண்டும். 2006இல் வந்த போதைச் சட்டம், எத்தனை கிராம் வைத்திருந்தால் உபயோகிப்பவன், எத்தனை கிராம் வைத்திருந்தால் வியாபாரி என்று எழுதவில்லை. போலீஸின் கண்ணும் நீதிபதியின் கண்ணும் முடிவு செய்தன. பல்கலைக்கழகத்து வெள்ளைப் பையன் உபயோகிப்பவன், ஃபவேலாவின் கறுப்புப் பையன் வியாபாரி. கஞ்சாவுக்கு மட்டும் 40 கிராம் என்று உச்சநீதிமன்றம் அளவு வைத்தது 2024 ஜூனில்தான். 1990இல் சுமார் 90,000 கைதிகள் இருந்த நாட்டில் இப்போது ஆறு லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர். உள்ளே போகிறவனைப் பார்த்து, நீ எந்தக் கும்பல் என்று சிறை நிர்வாகமே கேட்கிறது. ரியோவில் எந்தக் கும்பலும் இல்லாதவனை, அவன் குடியிருக்கும் ஃபவேலா யார் கையில் இருக்கிறதோ அந்தக் கும்பலின் சிறைக்கு அனுப்புகிறார்கள். சண்டை வராமல் தடுக்கவாம். கும்பலுக்கு ஆள் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கும்பலே யோசித்திருக்க முடியாது.

'சண்டை வராமல் தடுக்க' என்ற இந்தச் சொல்லாடல் நமக்குப் புதுசில்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதியில் வைத்திருந்ததற்கும் அதிகாரிகள் இதே காரணம்தான் சொன்னார்கள். சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சாதி பார்த்துக் கக்கூஸ் கழுவ வைப்பது, சாதி பார்த்துச் சமைக்க வைப்பது, 'பரம்பரைக் குற்றவாளி' வாசனையோடு சிறைக் கையேடுகளில் எழுதியிருப்பது எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ரத்தானது. அதன் சொற்கள் கையேட்டுக்குள் அதற்குப் பிறகும் எழுபது வருஷம் உயிரோடு இருந்திருக்கின்றன. உள்ளே யார் யாரோடு படுப்பது என்று பிரிக்கிறவன் வெளியே யார் யாரோடு சேர்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறான்.

நம்முடைய சிறை இலக்கியத்தை இந்தச் சுவரின் ஞாபகத்தோடு திரும்பப் படிக்க வேண்டும். தியாகிகளின் சிறை நினைவுகளில் 'கிரிமினல் கைதி' எப்படி வருகிறான்? பெரும்பாலும் வேடிக்கைப் பாத்திரமாக, இல்லாவிட்டால் பீடிக்கு ஏங்குகிறவனாக. படிப்பும் வருமானமும் அந்தஸ்தும் பார்த்து 'ஏ' வகுப்பு, 'பி' வகுப்பு என்று கொடுத்த சிறையில் 'சி' வகுப்புக்காரன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட தன்வரலாறு எத்தனை? இல்யா கிராண்டேயில் எழுந்த சுவர் நம்ம ஊரில் கல்லாக எழ வேண்டியிருக்கவில்லை. வகுப்பு என்ற பெயரில் முன்னாலேயே இருந்தது.

மொழிபெயர்க்க வேண்டுமென்று யாராவது கேட்டால் ஜாபோரையும் மார்கோலாவையும் விட்டுவிடச் சொல்வேன். 2006 மே மாசத்தில் பி.சி.சி. தாக்குதலுக்குப் பதிலாகப் போலீஸும் முகமூடி ஆட்களும் தெருத்தெருவாகப் போய்ச் சுட்டதில் 500க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பெரும்பாலோர் ஏழைப் பகுதிகளின் இளைஞர்கள், கறுப்பர்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து 'மே மாதத்துத் தாய்மார்' என்று இயக்கம் கட்டினார்கள். 'துக்கத்திலிருந்து போராட்டத்துக்கு' என்ற பெயரில் 2011இல் ஒரு புத்தகமும் போட்டார்கள். சாட்சியங்களும் கவிதைகளும் வழக்கு விவரங்களும் கலந்த தொகுப்பு. கும்பலின் கதையிலும் இந்தப் பிள்ளைகள் இல்லை, போலீஸின் கதையிலும் இல்லை. இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் டெபோரா மரியா ட சில்வா. கொக்கெயின் கப்பலேறும் அதே சாந்தோஸ் ஊர்க்காரர். அவருடைய மகனுக்கு வயசு 29. தெருக்கூட்டும் தொழிலாளி.